ஸ்பிட்டியில் பார்த்த சங்கிலிப் பவளம்: அந்தப் பாறைக்கு வயது எப்படிச் சொல்கிறார்கள்?

பனிவழி எழுதியது:

வணக்கம். சென்ற செப்டம்பரில் நண்பர்கள் நான்கு பேர் இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌரில் உள்ள காஃப்னுவில் நடக்கத் தொடங்கி, பாபா கணவாயைத் தாண்டி, ஸ்பிட்டியில் 'பின்' என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் உள்ள முத் கிராமத்துக்கு இறங்கினோம். கிராமத்துக்குச் சற்று முன்னால் வழியோரத்தில் அம்மிக்கல் அளவுள்ள சாம்பல் நிறக் கல் ஒன்று கிடந்தது. அதன் மேல், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி ஈர மாவில் வைத்து அழுத்தி எடுத்ததுபோல் ஒரு தடம். ஒன்றல்ல, பல சங்கிலிகள். வளைந்து நெளிந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்து வலைபோல் இருந்தன. ஒவ்வொரு கண்ணியும் முட்டை வடிவம். ஓர் அரிசியின் நீளம்கூட இருக்காது.

எங்களுடன் வந்த வழிகாட்டி, "இது கடல் பவளம்" என்றார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்டபோது உடல் சிலிர்த்தது. கல்லை எடுக்கவில்லை. பேனா மூடியைப் பக்கத்தில் வைத்துப் படம் மட்டும் எடுத்துக்கொண்டேன், கீழே இணைத்திருக்கிறேன்.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன். நிலவியல் பள்ளிப் பாடத்தோடு நின்றுவிட்டது. இது உண்மையிலேயே பவளமா? பவளம் என்றால், அதை வைத்து அந்தப் பாறையின் வயதைச் சொல்ல முடியுமா? எப்படிச் சொல்கிறார்கள்? முடிவை மட்டும் சொல்லாமல் வழியையும் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன்.

---

வைகைமேடு எழுதியது:

அழகான படம். பவளத்தின் கூடு கால்சியம் கார்பனேட். அதில் கார்பன் இருக்கிறது. ஆகவே ஒரு சிறு துண்டைக் கார்பன் 14 சோதனைக்கு அனுப்பினால் வயது தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன். கீழடிக்குச் செய்தது அந்தச் சோதனைதானே?

---

பழஞ்சுத்தியல் எழுதியது:

வைகைமேடு, கீழடிக்குப் பொருந்தியது இங்கே பொருந்தாது. கார்பன் 14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகின்றன. 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது. பவளத்துக்கென்றே இன்னொரு முறை உண்டு: யுரேனியம்-தோரியம் முறை. உயிருள்ள பவளம் கடல்நீரிலிருந்து யுரேனியத்தைத் தன் கூட்டில் சேர்த்துக்கொள்ளும்; தோரியத்தை அநேகமாகச் சேர்க்காது. பின்னாளில் கூட்டில் காணும் தோரியம், யுரேனியம் சிதைந்து பிறந்தது. அதை அளந்தால் வயது கிடைக்கும். பழைய கடல்மட்டங்களை அறிய இது மிக நல்ல முறை. ஆனால் அதன் எல்லையும் ஐந்தாறு லட்சம் ஆண்டுகள்தான். பனிவழி பார்த்த கல் கோடிகளில் எண்ண வேண்டியது.

பனிவழி, உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பது ஆண்டுகள் மலையில் சுத்தியலோடு நடந்தவன் நான். இந்தக் கண்ணிகளைப் பார்த்ததும் பழைய நண்பரைத் தெருவில் கண்டதுபோல் இருந்தது. அது பவளமேதான். சங்கிலிப் பவளம் என்போம். இனம் ஹாலிசைட்டிஸ், அல்லது அதன் நெருங்கிய உறவான காட்டெனிபோரா. கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவில் மிகச் சிறிய குழாய் ஒன்று இருந்தால் முன்னது, இல்லாவிட்டால் பின்னது. கல்லை அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்துத்தான் அதை உறுதி செய்ய வேண்டும். படத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எதுவாக இருந்தாலும் இந்தக் குடும்பத்துக்கு ஒரு காலவரம்பு உண்டு. ஏறத்தாழ 46 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆர்டோவிசியக் காலத்தில் தோன்றியது. அதை அடுத்த சிலூரியன் காலம் முடிவதற்குள், அதாவது ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, முற்றிலும் அற்றுப்போனது. அதற்குப் பிந்திய பாறை எதிலும், உலகத்தில் எங்கேயும், அது வாழ்ந்ததற்குத் தடம் இல்லை. எனவே இந்தக் கூடு அந்த நான்கு கோடி ஆண்டு இடைவெளிக்குள் வளர்ந்தது.

கூட்டின் வயதைச் சொன்னேன். பாறையின் வயதைச் சொல்ல ஒரு கேள்விக்கு விடை தேவை. அந்தக் கல் உதிரியாகக் கிடந்ததா, பாறை அடுக்கோடு ஒட்டியிருந்ததா?

---

பனிவழி எழுதியது:

உதிரியாகத்தான் கிடந்தது ஐயா. மேலே செங்குத்தான பாறை இருந்தது. அங்கிருந்து உருண்டு வந்திருக்கலாம் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அதனால் என்ன மாறும்?

---

காரைமாணவன் எழுதியது:

நான் நிலவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. பழஞ்சுத்தியல் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இனம் தெரியாவிட்டாலும், பவளத்தின் பெரும் பிரிவு தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

டாபுலேட்டா பிரிவில் குழாய்களுக்குள் தளம் தளமாகக் கிடைத்தட்டுகள் இருக்கும். சங்கிலிப் பவளமும், தேன்கூட்டைப் போல அறுகோண அறைகள் கொண்ட ஃபேவோசைட்டிஸும் இதில் சேரும். ரூகோசா பிரிவில் மாட்டுக் கொம்பு போன்ற தனிப் பவளங்கள் நிறைய. இந்த இரண்டு பிரிவுகளும் பெர்மியன் முடிவில், 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவில் ஒன்றுகூட மிஞ்சாமல் போயின. இன்று மன்னார் வளைகுடாவில் நாம் காண்பது மூன்றாவது பிரிவு, ஸ்கிளெராக்டினியா. அது பெர்மியனை அடுத்த டிரையாசிக் காலத்தின் நடுப்பகுதியில்தான் பாறைகளில் தென்படத் தொடங்குகிறது. அதன் உட்சுவர்கள் ஆறின் மடங்காக அமையும். ரூகோசாவில் புதிய சுவர்கள் நான்கு இடங்களில் மட்டும் சேரும்.

எங்கள் பக்கத்தில் கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல் குவாரியில், டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியத்தின் பவளங்கள் கிடைக்கின்றன. அவை அத்தனையும் ஆறின் கணக்கு. அங்கே சங்கிலிப் பவளம் ஒன்று கிடைத்தால் எங்கள் பாடப்புத்தகங்களைத் திருத்த வேண்டியிருக்கும்.

---

சுடர் எழுதியது:

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எல்லாரும் அழகாக விளக்குகிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு நெருடல் உண்டு; அதை மறைக்க விரும்பவில்லை.

பவளத்தை வைத்துப் பாறைக்கு வயது சொல்கிறீர்கள். அந்தப் பவளம் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தது என்பது எப்படித் தெரியும்? அது கிடைத்த பாறையின் வயதால். பாறையின் வயது? அதில் கிடைத்த உயிரெச்சத்தால். இது செக்குமாடு சுற்றுவது போன்ற வாதம் இல்லையா? என் வகுப்பில் ஒரு மாணவி இதே கேள்வியைக் கேட்டாள். நேர்மையான பதிலை என்னால் தர முடியவில்லை. அவளுக்காகவும் கேட்கிறேன்.

---

பழஞ்சுத்தியல் எழுதியது:

அம்மா, உங்கள் மாணவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பட்டம் வாங்கியவர்கள் பலர். சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன். இதில் பவளங்களுக்கு நேரடியான ஒரு பங்கு இருக்கிறது.

உயிரெச்சம் தன்னளவில் எண் சொல்வதில்லை, வரிசை சொல்கிறது. எது கீழே, எது மேலே என்பதைக் கண்ணால் பார்க்கலாம். வேல்ஸின் எல்லைப்புறத்தில் சிலூரியன் அடுக்குகள் கீழே; அதற்கு மேலே பழஞ்செம்மணற்கல்; அதற்கும் மேலே கார்பானிஃபெரஸ் சுண்ணாம்புக்கல். இதைச் சொல்ல யாருக்கும் வயது தெரிந்திருக்க வேண்டியதில்லை. சுவரில் கீழ்வரிசைச் செங்கல் முதலில் வைக்கப்பட்டது என்று சொல்வது போன்றது இது.

1830களில் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துப் பாறைகளால் பெரிய சண்டை மூண்டது. அங்கே பாறைகள் மடிந்தும் நொறுங்கியும் கிடந்ததால் எது மேல், எது கீழ் என்று அறிவது கடினம். டி லா பெஷ் என்ற நிலவியலாளர் ஒரு விதமாகச் சொன்னார். மர்ச்சிசன், செட்ஜ்விக் என்ற வேறு இரு நிலவியலாளர்கள் எதிர்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. அப்போது வில்லியம் லான்ஸ்டேல் என்பவர் தெற்கு டெவன் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த பவளங்களை எடுத்துவைத்துப் பார்த்தார். சலமான்காவிலும் வாட்டர்லூவிலும் போரிட்ட முன்னாள் படைவீரர். பின்னாளில் லண்டன் நிலவியல் கழகத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டவர். உரக்கப் பேசாத மனிதர். அவர் கண்டது இது: சில பவளங்கள் சிலூரியன் பவளங்களை ஒத்திருந்தன, உடன் கிடைத்த சில உயிரெச்சங்கள் கார்பானிஃபெரஸ் காலத்தவற்றை ஒத்திருந்தன, பல இரண்டிலும் சேரவில்லை. அப்படியானால் இந்தச் சுண்ணாம்புக்கல் இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது என்று 1837 இறுதியில் சொன்னார்.

அந்த இடைக்காலத்தில், வேல்ஸ் எல்லையில் இருப்பதோ செம்மணற்கல். அதில் விசித்திரமான மீன்கள் உண்டு, பவளம் கிடையாது. டெவனில் பவளம் உண்டு. அந்த மணற்கல் கிடையாது. இரண்டும் ஒரே காலம் என்று சொல்லப் பெரிய துணிவு வேண்டும். 1839இல் செட்ஜ்விக்கும் மர்ச்சிசனும் அதை ஏற்று, அந்தக் காலத்துக்கு டெவோனியன் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டு மர்ச்சிசன் ரஷ்யாவுக்குப் போனார். அங்கே செம்மணற்கல்லின் மீன்களும் டெவனின் கடல் சிப்பிகளும் ஒரே அடுக்குகளில் சேர்ந்து கிடந்தன.

அம்மா, செக்குமாடு சுற்றினால் புறப்பட்ட இடத்துக்குத்தான் வரும். இங்கே பவளங்களை வைத்துச் சொன்ன ஒரு கணிப்பு, யாரும் பார்த்திராத நாட்டில், வேறு உயிரினங்களால் சோதிக்கப்பட்டுச் சரியென்று தெரிந்தது. பொய்யாகியிருக்கலாம், பொய்யாகவில்லை.

---

சுடர் எழுதியது:

வரிசை பற்றிய என் ஐயம் தீர்ந்தது. மனமார்ந்த நன்றி. ஆனால் 42 கோடி என்ற எண்? லான்ஸ்டேல் காலத்தில் கதிரியக்கமே கண்டுபிடிக்கப்படவில்லையே.

---

சிர்கோன் எழுதியது:

எண் எரிமலைகளிடமிருந்து வருகிறது. பவளக் கடலுக்கு அருகில் ஓர் எரிமலை வெடித்தால் சாம்பல் கடலடியில் படியும். பின்னாளில் அது களிமண் போன்ற மெல்லிய அடுக்காக, சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு நடுவே நிற்கும். அந்தச் சாம்பலுக்குள் சிர்கான் படிகங்கள் இருக்கும். உருவாகும்போது யுரேனியத்தை ஏற்று ஈயத்தை ஒதுக்கும் படிகம் அது. யுரேனியம் 238 பாதியாக 447 கோடி ஆண்டுகள், யுரேனியம் 235 பாதியாக 70 கோடி ஆண்டுகள். இரண்டும் வெவ்வேறு ஈய அணுக்களாக முடிகின்றன. ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரங்கள்; இரண்டும் ஒரே வயதைக் காட்டினால்தான் ஏற்போம். சாம்பலுக்குக் கீழுள்ள பவளம் அதைவிடப் பழையது; மேலுள்ளது புதியது. காரைமாணவன் சொன்ன 25.2 கோடியும், சீனாவின் மெய்ஷான் பகுதியில் அழிவு அடுக்கின் மேலும் கீழும் உள்ள சாம்பல்களை அளந்து பெற்றதுதான். எந்த உயிரெச்சமும் இல்லாமல் கிடைத்த எண் அது. உயிரெச்சங்கள் சொன்ன வரிசையை அது குலைக்கவில்லை.

சுடர் அவர்கள் இயற்பியல் ஆசிரியை என்பதால் இன்னொன்றும் சொல்ல ஆசை. பவளக் கூட்டின் வெளித்தோலில் மிக நுண்ணிய வரிகள் உண்டு. நாளுக்கு ஒரு வரி என்று கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை பெரிய வளையமும் விழும். 1963இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் வெல்ஸ், நடு டெவோனியன் பவளங்களில் ஒரு வளையத்துக்குள் எத்தனை வரிகள் என்று எண்ணினார். சராசரியாக ஏறத்தாழ 400 வந்தது. அதாவது ஆண்டுக்கு 400 நாள்.

இதை வகுப்பில் கணக்காகவே போடலாம். நிலவின் ஈர்ப்பால் எழும் அலையேற்றங்கள் புவியின் சுழற்சியை மெல்லத் தடுக்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு நாள் ஏறத்தாழ 2 மில்லி வினாடி நீள்கிறது. 38 கோடி ஆண்டு என்றால் 38 லட்சம் நூற்றாண்டு. மொத்தம் 7,600 வினாடி, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அப்போது ஒரு நாள் சுமார் 21.9 மணி. ஓர் ஆண்டின் 8,766 மணியை அதால் வகுத்தால் 400. வரிகளை எண்ணுவதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும் என்பதால் வயது கணிக்க இதை யாரும் முதன்மையாக நம்புவதில்லை. ஆனாலும் யுரேனியமும் நிலவும் பவளமும் ஒரே திசையைக் காட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

---

சுடர் எழுதியது:

திங்கட்கிழமை முதல் பாடவேளையில் இந்தக் கணக்குதான். கேள்வி கேட்ட மாணவியையே கரும்பலகையில் போடச் சொல்வேன்.

---

வைகைமேடு எழுதியது:

கார்பன் 14 பற்றி நான் எழுதியது தவறு என்று புரிந்தது. திருத்தியதற்கு நன்றி. எனக்கொரு கேள்வி: இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்றால் எல்லா மலையிலும் பவளத்தை வைத்தே வயது சொல்லிவிடலாமே?

---

காரைமாணவன் எழுதியது:

முடியாது அண்ணா. பவளம் இடம் பார்த்து வாழும். பாறை கட்டும் பவளத்துக்கு வெதுவெதுப்பான, ஆழமில்லாத, தெளிந்த நீர் வேண்டும். ஆற்றுச் சேறு கலந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஆகவே ஓரிடத்தில் பவளம் இல்லாமல் போனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. நீர் கலங்கியிருக்கலாம், கடல் ஆழமாகியிருக்கலாம். உலகம் முழுவதும் ஒப்பிட கோனோடான்ட் என்ற நுண்ணிய பல் எச்சங்களே சிறந்தவை. அந்த உயிரிகள் கடலில் பரவலாக நீந்தித் திரிந்தவை. சுண்ணாம்புக்கல்லை மென் அமிலத்தில் கரைத்து அவற்றைச் சலித்தெடுப்போம். பவளத்தின் பெருமை வேறு: சுத்தியலும் கைலென்சும் இருந்தால் போதும், மலையில் நின்ற இடத்திலேயே படித்துவிடலாம்.

---

பனிவழி எழுதியது:

இரண்டு நாட்களாக ஒவ்வொரு பதிலையும் பலமுறை படித்தேன். பழைய படங்களைத் துழாவியதில் உதவக்கூடிய இரண்டு கிடைத்தன. முதல் படம் கல் கிடந்த இடத்துக்கு மேலே உள்ள மலைச்சரிவு. உச்சியில் வெள்ளை வெளேரென்று ஒரு பாறைச் சுவர். அதன் கீழே பழுப்பும் சாம்பலுமான அடுக்குகள். அதற்கும் கீழே செந்நிறம். இரண்டாவது, நண்பர் எடுத்தது. சாம்பல் அடுக்கிலேயே, பாறையோடு பாறையாக, குமிழ் போன்ற வடிவங்கள் தெரிகின்றன. அவையும் பவளமா ஐயா?

---

பழஞ்சுத்தியல் எழுதியது:

தம்பி, முதலிலேயே இந்தப் படங்களைப் போட்டிருக்கலாமே! இவை உங்கள் கல்லைவிடப் பெரிய செல்வம்.

அந்த வெள்ளைச் சுவர் முத் குவார்ட்சைட், அதாவது கெட்டியாக இறுகிப்போன மணற்கல். நீங்கள் இறங்கிய கிராமத்தின் பெயரையே நிலவியல் உலகம் அந்தப் பாறைக்கு வைத்திருக்கிறது. கீழே செந்நிறம் ஆர்டோவிசியக் காலத்துத் தாங்கோ அடுக்கு. இரண்டுக்கும் நடுவே பழுப்பும் சாம்பலுமாகத் தெரிவதைத் தக்சே அடுக்கு என்றும், 'பின்' பள்ளத்தாக்கின் பெயரால் 'பின்' அடுக்கு என்றும் சொல்வார்கள். பவளங்கள் உள்ள இடம் அதுதான். ஆர்டோவிசியக் கடைப்பகுதியிலிருந்து சிலூரியன் வரை நீளும் கடல் படிவு. உங்கள் சங்கிலிப் பவளம் அங்கிருந்து விழுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கல்லின் நிறமும் ஒத்துப்போகிறது.

உதிரிக் கல்லைப் பற்றி நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று இப்போது சொல்கிறேன். பழைய பாறை உடைந்து, அதன் துண்டு புதிய படிவுக்குள் போய்ச் சேரலாம். அப்போது பவளம் 43 கோடி ஆண்டுப் பழமை என்றாலும், அதைச் சுற்றியுள்ள பாறை எவ்வளவு இளையதாகவும் இருக்கலாம். இமயத்தின் வடபுறத்தில், உத்தராகண்டின் மல்லா ஜோஹார் பகுதியில், வீடு அளவுக்கும் குன்று அளவுக்கும் உள்ள பழைய சுண்ணாம்புக்கற்கள் தம்மைவிட இளைய படிவுகளுக்கு நடுவே அமர்ந்திருக்கின்றன. அங்கே ஒரு கல்லின் உயிரெச்சத்தைப் பார்த்து மலை முழுவதற்கும் வயது சொன்னால் ஏமாந்துபோவோம்.

இரண்டாவது படத்தில் உள்ள குமிழ்கள் பவளக் கூட்டங்கள் என்றே தோன்றுகிறது. அவற்றின் வளைந்த பக்கம் மேல்நோக்கி இருப்பதைக் கவனித்தீர்களா? மலைகளில் அடுக்குகள் மடிந்து தலைகீழாகவும் கிடக்கும். அப்போது கீழே இருப்பது பழையது என்ற விதியே கவிழ்ந்துவிடும். பவளம் ஒளியை நோக்கி வளர்வது. அதன் குவிந்த முதுகு எங்கே பார்க்கிறதோ அது அன்றைய மேல்திசை. புயலில் புரண்ட பவளங்களும் இருக்கும் என்பதால் ஒன்றை நம்பாமல் பலவற்றைப் பார்க்க வேண்டும். இன்னொரு சான்று இதைவிட உறுதியானது: கூட்டின் உட்குழிகளில் பாதி வரை சேறு படிந்து, மீதிப் பாதியில் வெண்ணிறக் கால்சைட் நிரம்பியிருக்கும். சேற்றின் மட்டம்தான் அன்றைய கிடைமட்டம். கொத்தனாரின் ரசமட்டம் போல, நாற்பது கோடி ஆண்டுகளாக அது அங்கேயே இருக்கிறது.

---

காரைமாணவன் எழுதியது:

ஐயா, முத் என்ற பெயரை முதலில் பாறைக்கு வைத்தவர் ஸ்டோலிச்காதானே? எங்கள் அரியலூர், உட்டத்தூர் பகுதிகளின் கிரெட்டேசிய உயிரெச்சங்களைப் பற்றிய பெருநூல்களை எழுதியவரும் அவர்தான். பவளங்களும் அதில் உண்டு.

---

பழஞ்சுத்தியல் எழுதியது:

அவரேதான். மொராவியாவில் பிறந்தவர், 1862இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். ஸ்பிட்டியின் அடுக்குகளுக்கு 1865இல் அவர் வைத்த பெயர்களில் முத் ஒன்று. பனிவழி தாண்டிவந்த கணவாயின் பெயரால் பாபே தொடர் என்று இன்னொன்று. 1874இல் மைய ஆசிய நகரமான யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில், காரகோரத்தைத் தாண்டிய பின் லடாக்கின் முர்கோவில் இறந்தார். வயது 36. கல்லறை லேயில் இருக்கிறது. அங்கே ஒருமுறை போய் நின்றிருக்கிறேன்.

---

சிர்கோன் எழுதியது:

ஒரு வேண்டுகோள். ஸ்பிட்டியில் சில கிராமங்களில் உயிரெச்சக் கற்களைப் பயணிகளுக்கு விற்கிறார்கள். வறுமை புரிகிறது, விற்பவர்களைக் குறை சொல்லவில்லை. வாங்குபவர்களிடம் கேட்கிறேன். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது தெரியாத கல், தன் குடும்பத்தின் காலத்தை மட்டும் சொல்லும். மலையைப் பற்றி எதுவும் சொல்லாது. என் உறவினர் ஒருவர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் அருமையான பவளம் ஒன்று இருக்கிறது. எங்கே வாங்கினார் என்பது அவருக்கே நினைவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் துக்கமாக இருக்கும். பனிவழி கல்லை எடுக்காமல் வந்தது எனக்குப் பெரிய நிறைவு.

---

பனிவழி எழுதியது:

ஐயா சொன்னபடி நண்பரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு குமிழ்களை எண்ணினேன். ஆறின் முதுகு மேலே பார்க்கிறது; ஒன்று பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. ஒரு குமிழ் உடைந்த இடத்தில் உட்குழிகளின் கீழ்ப்பாதி கருமையாகவும் மேல்பாதி வெண்மையாகவும் தெரிகிறது. அதைக் கண்டபோது நள்ளிரவு. வீட்டில் எல்லாரையும் எழுப்பிக் காட்டினேன்.

அடுத்த ஆண்டு ஜூலையில் மீண்டும் முத் போக முடிவு செய்திருக்கிறோம். கல் எதையும் தொட மாட்டோம். உங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படும்படி என்னென்ன குறித்து வர வேண்டும்?

---

பழஞ்சுத்தியல் எழுதியது:

திசைகாட்டி, அளவு நாடா, கைலென்ஸ், ஒரு நோட்டுப் புத்தகம். இவை போதும். வெள்ளைக் குவார்ட்சைட் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து கீழ்நோக்கி அடுக்குகளின் குறுக்காக அளந்துகொண்டே வந்து, பாறையோடு ஒட்டியிருக்கும் சங்கிலிப் பவளம் முதலில் எத்தனை மீட்டரில் தென்படுகிறது, கடைசியாக எத்தனை மீட்டரில் மறைகிறது என்று எழுதுங்கள். தேன்கூட்டுப் பவளத்துக்கும் அப்படியே. அடுக்கு எந்தத் திசையில் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பதையும் குறியுங்கள். ஒவ்வொரு படத்திலும் அந்தப் பேனா மூடி இருக்கட்டும்.

பிற்பகலில் அந்தப் பக்கம் காற்று மிகக் கடுமையாக வீசும். காலை எட்டு மணிக்குள் அளக்கத் தொடங்கிவிடுங்கள்.